நெல்லையைச் சுற்றிக் குளம், காடு, அருவி: வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

திருநெல்வேலிக்கு வருகிறேன், சுற்றிலும் என்ன பார்க்கலாம் என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லிச் சேர்ந்தவை இவை. எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. இந்தப் பக்கத்தில் எந்த இடத்துக்கு எப்போது போவது என்பதைத் தண்ணீர்தான் முடிவு செய்யும். குளத்தில் தண்ணீர் இல்லையென்றால் பறவை இல்லை, மலையில் மழை இல்லையென்றால் அருவி இல்லை. லீவு கிடைத்த தேதியைப் பிடித்துக்கொண்டு இடம் தேடாமல், அந்தத் தேதியில் தண்ணீர் எங்கே இருக்கும் என்று பார்த்து வாருங்கள்.

எந்த மாதம் வந்தால் நல்லது?

எதைப் பார்க்க வருகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அருவியும் சாரலும் என்றால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, தென்மேற்குப் பருவக்காற்று மலையைத் தாண்டிச் சிலுசிலுவென்று இந்தப் பக்கம் இறங்குகிற காலம், குற்றாலம் சீசனும் அதுதான். ஆனால் அதே மாதங்களில் நாங்குநேரிப் பக்கக் குளங்கள் வெடித்துக் கிடக்கும். பறவைகள் என்றால் டிசம்பர் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை. அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் பாதி வரை வடகிழக்குப் பருவமழை. குளம் நிறைய அந்த மழை வேண்டும், ஊர் சுற்ற அது தோதான நேரம் இல்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டியது, தாமிரபரணிக் கரை ஊர்கள் தண்ணீரில் நின்றன. அதனால் அந்த நாட்களில் மழை எச்சரிக்கை வந்தால் பயணத்தைத் தள்ளிப்போடத் தயங்க வேண்டாம்.

குளத்தில் தண்ணீர் இருக்கிறதா, அருவியில் விழுகிறதா என்று வெளியூரிலிருந்து எப்படித் தெரிந்துகொள்வது?

நெல்லைப் பதிப்பு நாளிதழ்களில் அணை நிலவரம் போடுவார்கள். பாபநாசம் அணையின் முழுக் கொள்ளளவு 143 அடி, மணிமுத்தாறு 118 அடி. பாபநாசம் தென்மேற்கு மழையிலேயே ஏறிவிடும், மணிமுத்தாறு பெரும்பாலும் வடகிழக்கு மழையை நம்பியிருக்கிறது. டிசம்பர் முடிவில் மணிமுத்தாறு நூறு அடியைத் தாண்டியிருந்தால் அந்த அணையின் கால்வாயை நம்பிய குளங்களுக்குத் தண்ணீர் போயிருக்கும், பறவைகளும் வந்திருக்கும் என்று ஓரளவு கணக்குப் போடலாம். அருவிகளில் குளிக்கத் தடை இருக்கிறதா என்பதும் அதே செய்தியோடு வந்துவிடும்.

கூந்தன்குளம் பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறோம். அப்படி என்ன அங்கே?

நாங்குநேரித் தாலுகாவில் ஒரு சாதாரணக் கிராமம், பக்கத்தில் ஒரு குளம். 1994-இல் சரணாலயமாக அறிவித்தார்கள், இப்போது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலிலும் இருக்கிறது. குளம் மொத்தமே சுமார் 1.3 சதுர கிலோமீட்டர்தான். அதில் சங்குவளை நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், நத்தைகுத்தி நாரை, பாம்புத்தாரா என்று ஆயிரக்கணக்கில் வந்து இறங்கும். ஊசிவால் வாத்துகளும், மங்கோலியா, திபெத் பக்கமிருந்து இமயமலையைத் தாண்டி வருகிற வரித்தலை வாத்துகளும் குளிர்காலத்தை இங்கே கழிக்கும். சில வருடங்களில் பூநாரைக் கூட்டமும் உண்டு.

இதெல்லாம் வேறு சரணாலயங்களிலும் பார்க்கலாம். கூந்தன்குளத்தை நான் முதலில் சொல்வதற்குக் காரணம் வேறு. இங்கே பறவைகள் குளத்தோடு நிற்பதில்லை, ஊருக்குள் வந்து வீட்டு வாசல் வேப்பமரத்தில், புளியமரத்தில் கூடு கட்டுகின்றன. கூழைக்கடா ஒன்றும் சின்னப் பறவை இல்லை. தலைக்கு மேலே அது குஞ்சுக்கு மீன் கக்கிக் கொடுத்துக்கொண்டிருக்க, கீழே ஒரு அம்மா பாத்திரம் துலக்கிக்கொண்டிருப்பார். எச்சமும் மீன் கவிச்சியும் வாசல் முழுக்க இருக்கும், ஊர்க்காரர்கள் விரட்டுவதில்லை. பறவைகள் வந்தால் ஊர் செழிக்கும் என்று நம்புகிறார்கள், அந்த நம்பிக்கைக்குள் நல்ல விவசாயக் கணக்கும் இருக்கிறது: எச்சம் கலந்த குளத்துத் தண்ணீரும் வண்டலும் வயலுக்கு உரம். தீபாவளிக்கு வெடி போடாத ஊர் இது. கூட்டிலிருந்து தவறி விழுந்த குஞ்சுகளை எடுத்து வளர்க்க ஏற்பாடும் உண்டு. சட்டம் வருவதற்கு ரொம்பக் காலம் முன்பிருந்தே இந்தப் பழக்கம் இருக்கிறது என்பதை மனதில் வைத்துக்கொண்டு ஊருக்குள் நடந்தால், நீங்கள் பார்க்கும் விதமே மாறிவிடும்.

அங்கே போவது எப்படி? எத்தனை மணிக்குப் போகலாம்?

நெல்லையிலிருந்து 35, 40 கிலோமீட்டர். மூலைக்கரைப்பட்டி வழியாகவும் போகலாம், நாங்குநேரி வழியாகவும் போகலாம். பஸ் உண்டு, ஆனால் அடிக்கடி இல்லை. நான்கு பேர் சேர்ந்தால் ஒரு கார் பிடித்துக்கொள்வது நிம்மதி. விடியும்போது அங்கே இருக்க வேண்டும். பத்து மணிக்கு மேல் வெயிலும் ஏறிவிடும், பாதிப் பறவைகள் இரை தேடிப் பக்கத்துக் குளங்களுக்குப் போய்விடும். இல்லையென்றால் மாலை நான்கரைக்கு மேல் போங்கள், கூடு திரும்புகிற கூட்டத்தைப் பார்க்கலாம். ஊருக்குள் மரத்தடியில் நின்று பார்க்கும்போது வீட்டுக்காரர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நில்லுங்கள், அது அவர்கள் வாசல். டிரோன் வேண்டவே வேண்டாம். ஒரு டிரோனைப் பார்த்து மொத்தக் கூட்டமும் எழும்பினால் முட்டைகளும் குஞ்சுகளும் வெயிலில் கிடக்கும், காக்காய்க்கு அது போதும்.

பைனாகுலர் கட்டாயமா?

ஊருக்குள் இருக்கும் கூடுகளுக்குத் தேவையே இல்லை. குளத்தின் நடுவில் மிதக்கும் வாத்துகளுக்குத் தேவை. இரவல் கிடைத்தால் வாங்கி வாருங்கள்.

நகரத்தை விட்டு வெளியே போக நேரம் இல்லை. உள்ளேயே ஏதாவது உண்டா?

உண்டு. புது பஸ் ஸ்டாண்டை ஒட்டியே வேய்ந்தான்குளம் இருக்கிறது, டவுனில் நயினார்குளம் இருக்கிறது. தண்ணீர் உள்ள மாதங்களில் காலை ஆறரைக்குக் கரையில் நின்றால் நீர்க்காகம், நாமக்கோழி, தாழைக்கோழி, முக்குளிப்பான் எல்லாம் பார்த்துவிட்டு எட்டு மணிக்கு இட்லி சாப்பிடப் போய்விடலாம். நகரத்துக் குளங்களில் சாக்கடை கலப்பதும் ஆகாயத்தாமரை மூடுவதும் பார்க்க மனதுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும், அதையும் மீறிப் பறவைகள் வருகின்றன. இந்தக் குளங்களை வெறும் காலி இடமாக நினைக்கிறவர்கள் ஒருமுறையாவது ஜனவரி காலையில் வந்து நிற்க வேண்டும்.

2011-லிருந்து ஒவ்வொரு வருடமும் ஜனவரியில் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. மணிமுத்தாறில் இருக்கும், ஏட்ரீ என்ற சூழலியல் ஆராய்ச்சி அமைப்பின் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் உள்ளூர் இயற்கை அமைப்புகளோடு சேர்ந்து நடத்துகிறது, தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொள்வார்கள். புதிதாகப் பறவை பார்க்கத் தொடங்குகிறவர்களுக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இந்தப் பக்கம் இல்லை.

திருப்புடைமருதூர் கோயிலா, பறவை பார்க்கும் இடமா?

இரண்டும். கடனாநதி தாமிரபரணியில் கலக்கிற இடத்தில் நாறும்பூநாதர் கோயில், ஆற்றோரம் பெரிய பெரிய மருத மரங்கள். அந்த மரங்களில் நாரைகளும் கொக்குகளும் கூடு கட்டுகின்றன, பழந்தின்னி வௌவால்களும் தொங்கும். ஊர்க்காரர்களே இந்தப் பறவைகளுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று முன்வந்து, 2005-இல் இது பாதுகாப்புக் காப்பகமாக (conservation reserve) அறிவிக்கப்பட்டது. அந்த வகையில் நாட்டிலேயே முதலாவது என்று சொல்வார்கள். பரப்பு மூன்று ஹெக்டேர் கூட வராது, அதனால் போய் இறங்கியதும் “இவ்வளவுதானா” என்று நினைக்க வேண்டாம். கரையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் மேலே பார்த்துக்கொண்டிருங்கள். கோயில் ராஜகோபுரத்தின் உள்தளங்களில் மரச் சிற்பங்களும் சுவரோவியங்களும் இருக்கின்றன, போரும் குதிரைகளும் கப்பலுமாக. மேலே ஏற அனுமதி கிடைக்கிறதா என்று கோயிலில் கேட்டுப் பாருங்கள். கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். சுவரைத் தொடாமல் பாருங்கள்.

முண்டந்துறையில் புலி பார்க்கலாமா?

பார்க்க முடியாது என்று நினைத்துக்கொண்டே போங்கள். களக்காடு முண்டந்துறை தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம், 1988-இல் அறிவிக்கப்பட்டது, மையப் பகுதி மட்டும் 895 சதுர கிலோமீட்டர். புலி இருக்கிறது, ஆனால் எண்ணிக்கை குறைவு, காடோ அடர்த்தி, மலையோ செங்குத்து. முதுமலை போல ஜீப்பில் ஏறி வரிசையாக யானை பார்க்கலாம் என்ற எதிர்பார்ப்போடு வந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

இந்தக் காட்டின் அருமை வேறு. தாமிரபரணி, சேர்வலாறு, மணிமுத்தாறு, பச்சையாறு, கடனாநதி, ராமநதி என்று ஆறுகளாகப் பிறக்கிற காடு இது. நெல்லையும் தூத்துக்குடியும் தென்காசியும் குடிக்கிற தண்ணீர் இங்கிருந்து வருகிறது. அகத்தியமலை உச்சி 1868 மீட்டர். 2016-இல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகப் பட்டியலில் சேர்ந்தது இந்த மலைத்தொடர். உங்களுக்குக் கண்ணில் படக்கூடியவை கருமந்தி, மலையணில், மிளா, கொஞ்சம் கொடுத்துவைத்திருந்தால் இருவாச்சி. மேல்காட்டில் சோலைமந்தி இருக்கிறது, சிங்கவால் குரங்கு என்கிறோமே அதுதான். அதற்கு முக்கிய உணவு வெடிப்பலா மரத்துக் காயும் பூவும். அந்த மரம் இருக்கிற ஈரக்காட்டை விட்டு அது வெளியே வராது, மரம் போனால் குரங்கும் போகும்.

பாபநாசம் பக்கம் ஒரு நாளில் என்ன என்ன முடியும்?

நெல்லையிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர், பஸ் நிறைய. காலையில் பாபநாசநாதர் கோயில், அதன் எதிரே படித்துறை. படித்துறையில் மீன்கள் கூட்டமாகக் காலைச் சுற்றும். அங்கிருந்து அகத்தியர் அருவி, வருடம் முழுக்கத் தண்ணீர் விழுகிற அருவி என்பதால் கோடையிலும் நம்பிப் போகலாம். மேலே கல்யாண தீர்த்தம். அதற்கு அப்புறம் வனத்துறை சோதனைச் சாவடி தாண்டினால் சொரிமுத்து அய்யனார் கோயிலும் காரையாறு அணையும். சாவடியில் நேரக் கட்டுப்பாடு உண்டு, மாலைக்குள் இறங்கிவிட வேண்டும். அணைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பாணதீர்த்த அருவிக்கு விடுகிறார்களா என்பதை மட்டும் கிளம்பும் முன் அம்பாசமுத்திரம் வனத்துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள், பல வருடங்கள் மூடியே கிடந்த இடம் அது. வனவிலங்குக் கணக்கெடுப்பு நாட்களில் காப்பகம் முழுவதையும் மூடுவதும் உண்டு.

ஆடி அமாவாசையை ஒட்டிய நாட்களில் காடு பார்க்கப் போக வேண்டாம். சொரிமுத்து அய்யனார் கோயில் திருவிழாவுக்கு லட்சக்கணக்கில் ஜனம் வந்து ஆற்றங்கரையில் தங்கும் நேரம். சாமி கும்பிடப் போகிறீர்கள் என்றால் சரி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாபநாசத்தில் குளித்துவிட்டு உடுத்திய துணியை ஆற்றிலேயே விட்டுவிடும் வழக்கம் இருக்கிறது. டன் கணக்கில் துணியை ஆற்றிலிருந்து அள்ளுகிறார்கள். பாறை இடுக்கில் சுற்றிக்கொண்டு கிடக்கும் அந்தச் சேலைகளுக்கு நடுவில்தான் மீன்கள் இருக்க வேண்டும், நீர்நாய்கள் வேட்டையாட வேண்டும், கீழே உள்ள ஊர்கள் குடிக்க வேண்டும். பாவம் தொலைக்க வருகிற இடத்தில் ஆற்றுக்குப் பாவம் செய்துவிட்டுப் போகாதீர்கள். துணியைப் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போங்கள், சாமி ஒன்றும் கோபித்துக்கொள்ளாது.

காட்டுக்குள் ஆட்கள் வசிக்கிறார்களாமே, போய்ப் பார்க்கலாமா?

காணி மக்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே இருக்கிறார்கள், சேர்வலாறு, மயிலாறு பக்கமெல்லாம் அவர்கள் குடியிருப்புகள் உண்டு. அது சுற்றுலா இடம் இல்லை. அவர்களே தேனோ கிழங்கோ மிளகோ விற்க வந்தால் பேரம் பேசாமல் வாங்குங்கள்.

மாஞ்சோலைக்குப் போக முடியுமா? ஊட்டி மாதிரி இருக்குமா?

ஊட்டியோடு ஒப்பிட வேண்டாம். மணிமுத்தாறு அணையிலிருந்து மேலே ஏறினால் மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று தேயிலைத் தோட்டங்கள். சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929-இல் 99 வருடக் குத்தகைக்கு 8,374 ஏக்கரை பம்பாய் பர்மா கம்பெனி எடுத்தது. குத்தகை 2028-இல் முடிகிறது. அதற்கு முன்பே 2024-இல் தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு கொடுத்துத் தோட்டத்தை நிறுத்தும் வேலை தொடங்கி, வழக்கு நீதிமன்றம் வரை போனது. நான்கு தலைமுறையாகக் கொழுந்து கிள்ளியவர்கள் பிறந்த ஊரைவிட்டு இறங்க வேண்டிய நிலை. 1999 ஜூலை 23 அன்று கூலி உயர்வு கேட்டு நெல்லையில் ஊர்வலம் போய், போலீஸ் தடியடியில் தாமிரபரணியில் விழுந்து 17 பேர் இறந்ததும் இந்தத் தொழிலாளர்களுக்கான போராட்டத்தில்தான். இதெல்லாம் தெரியாமல் “மிஸ்ட், டீ எஸ்டேட், செல்ஃபி” என்று மட்டும் மேலே போய் வருவது எனக்குச் சரியாகப் படவில்லை.

நடைமுறைக்கு வருவோம். இது புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது, வனத்துறை அனுமதி இல்லாமல் சொந்த வண்டியில் ஏற முடியாது. அனுமதி விதிகள் அடிக்கடி மாறுகின்றன, மழை பெய்தால் சாலையையே மூடிவிடுவார்கள். வடகிழக்குப் பருவத்தில் தமிழ்நாட்டிலேயே அதிக மழை பதிவாகும் இடங்களில் நாலுமுக்கும் ஊத்தும் வரும். கிடைத்தால் போங்கள். கிடைக்கவில்லையென்றால் மணிமுத்தாறு அருவியோடு திரும்புங்கள், நஷ்டம் இல்லை.

களக்காடு பக்கம் கூட்டம் குறைவு என்கிறார்களே?

ஆமாம், எனக்குப் பிடித்ததும் அந்தப் பக்கம்தான். களக்காட்டை ஒட்டித் தலையணை என்ற இடத்தில் ஆற்றில் குளிக்கலாம், வனத்துறை கட்டணம் வாங்கிக்கொண்டு விடுகிறது. அங்கிருந்து திருக்குறுங்குடி பக்கம்தான். ஊருக்குள் நம்பிராயர் கோயில், 108 திவ்ய தேசங்களில் ஒன்று, கல்தூண் சிற்பங்களுக்கே அரை நாள் வேண்டும். மலைமேல் திருமலை நம்பி கோயிலுக்குக் காட்டு வழியில் நடந்தோ ஜீப்பிலோ போகிறார்கள். நடக்க முடிந்தவர்கள் காலையில் நடந்து போங்கள். வழியெல்லாம் ஓடைச் சத்தம், தலைக்கு மேல் மலையணில்.

மான் பார்க்க எங்கே?

இரண்டு இடம், இரண்டும் பக்கம். வடக்கே மதுரை ரோட்டில் கங்கைகொண்டான், புள்ளிமான்களுக்காக 2013-இல் அறிவித்த சின்னச் சரணாலயம். கிழக்கே தூத்துக்குடி ரோட்டில் வல்லநாடு, 1987-இல் அறிவித்தது, 16 சதுர கிலோமீட்டர் சொச்சம், இது வெளிமானுக்கானது. இந்தியாவில் வெளிமான் இயற்கையாக வாழும் தெற்குக் கோடி இதுதான். கிடா கறுத்து, வயிறு வெளுத்து, முறுக்கிய கொம்போடு நிற்கும். முள்ளுக்காட்டுக் கரட்டில் அதைப் பார்க்கிறபோது இந்த வறண்ட நிலத்தை ஒன்றுமில்லாத பொட்டல் என்று சொல்ல வாய் வராது. இரண்டுக்கும் விடிகாலையோ சாயங்காலமோதான் சரி.

குற்றாலம் போகாமல் வந்தால் கேட்பார்களே?

போங்கள், சீசனில் வார நாளாகப் பார்த்துப் போங்கள். சனி ஞாயிறில் மெயினருவியில் தலை நனைக்கவே வரிசை. ஐந்தருவி, பழைய குற்றாலம், புலியருவி என்று பிரிந்து கிடப்பதால் கூட்டம் குறைந்த இடத்தைப் பார்த்துக் குளிக்கலாம். சித்திரசபையை முக்கால்வாசிப் பேர் பார்க்காமலே திரும்புகிறார்கள், அதன் சுவரோவியங்களுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளத்தில் 17 வயதுப் பையன் ஒருவன் இறந்தான். மேலே மலையில் பெய்கிற மழை கீழே நிற்பவருக்குத் தெரியாது. தண்ணீர் கலங்கினாலோ இரைச்சல் மாறினாலோ அடுத்த நொடி வெளியே வந்துவிட வேண்டும், விசில் ஊதும்வரை காத்திருக்காதீர்கள்.

சின்னப் பிள்ளைகளும் வயதானவர்களும் கூட வருகிறார்கள்.

கூந்தன்குளம், கங்கைகொண்டான், பாபநாசம் படித்துறை மூன்றும் அதிகம் நடக்காமல் பார்க்கக்கூடியவை. வெயில் நேரத்துக்குக் கொக்கிரகுளத்தில் மாவட்ட அறிவியல் மையம் இருக்கிறது, பிள்ளைகள் கிளம்பவே மாட்டார்கள். நெல்லை–செங்கோட்டை ரயிலில் அம்பாசமுத்திரம் வரை ஜன்னலோரம் உட்கார்ந்து போவதும் ஒரு சுற்றுலாதான். சேரன்மகாதேவி தாண்டியதும் ஒரு பக்கம் வயல், இன்னொரு பக்கம் மலை.

குரங்குக்கு ஏதாவது கொடுக்கலாமா?

கொடுக்கக் கூடாது. அகத்தியர் அருவியிலும் குற்றாலத்திலும் நாட்டுக்குரங்குகள் பையைப் பிடுங்குவதற்குக் காரணமே முன்னால் வந்தவர்கள் நீட்டிய பிஸ்கட்தான். அதோடு ரோட்டுக்கு வந்து வண்டியில் அடிபட்டுச் சாகின்றன.

அட்டை, பாம்பு, கரடி பயம்?

மழை மாதங்களில் மேல்காட்டில் அட்டை உண்டு, கடித்தால் உப்பைப் போட்டால் விழுந்துவிடும், பயப்பட ஒன்றுமில்லை. மலையடிவார ஊர்களில் கரடியும் சிறுத்தையும் இரவில் நடமாடுகின்றன, அதனால் கடையம், பாபநாசம் பக்கம் தங்கினால் இருட்டிய பிறகு தனியாக வாக்கிங் போக வேண்டாம். பாறை இடுக்கில் கை விட வேண்டாம். அவ்வளவுதான்.

சாப்பாடு?

டவுனில் நெல்லையப்பர் கோயில் எதிரே இருட்டுக்கடை அல்வா, சாயங்காலம்தான் திறப்பார்கள், வரிசை இருக்கும். சொதிக்குழம்பு கிடைக்கிற ஓட்டலை விசாரித்து ஒருமுறை சாப்பிடுங்கள். குற்றாலம் போனால் செங்கோட்டை பார்டர் பரோட்டா. காட்டுக்குள் கட்டுச்சோறுதான், அதையும் எவர்சில்வர் டப்பாவில் கட்டுங்கள், செக்போஸ்டில் பிளாஸ்டிக்கையும் மதுபாட்டிலையும் சோதித்துப் பிடுங்கிவிடுவார்கள்.

எனக்கு ஒரே ஒரு காலைதான் இருக்கிறது. எங்கே போகட்டும்?

ஜனவரி முதல் ஏப்ரல் வரை என்றால் கூந்தன்குளம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை என்றால் களக்காடு தலையணை, தண்ணீர் வருகிறதா என்று மட்டும் முந்தின நாள் கேட்டுக்கொள்ளுங்கள். மே மாத வெயிலில் வந்தீர்கள் என்றால் அகத்தியர் அருவி. மழைக்காலத்தில் வந்து மாட்டிக்கொண்டால் மலைப்பக்கம் ஏறாமல் திருப்புடைமருதூர் கோயிலுக்குப் போய்விட்டு மதியத்துக்குள் திரும்பிவிடலாம். எதற்குப் போனாலும் ஐந்து மணிக்கு அறையை விட்டுக் கிளம்பியிருக்க வேண்டும். வண்டியை முந்தின நாள் இரவே பேசி வைத்துவிடுங்கள், அந்த நேரத்துக்கு ரோட்டில் நின்று தேடினால் கிடைக்காது.